காரைக்குடியிலிருந்து கோவில்பட்டி வரை ஒரு ரிக்கார்டு வேட்டை

வியாழன், சென்னை

இந்த முறை மூன்று பேர் கேட்டதைத் தேடிக் கிளம்புகிறேன். கோயம்புத்தூரில் ஒரு சேகரிப்பாளர். அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் 78 தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டு, எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் சாம்பல் பூத்திருக்கக் கூடாது என்கிறார். லண்டனில் ஒருவருக்கு இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் 78 வேண்டும். மூன்றாவது ஒரு விசேஷ வீடு. காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில் சதாபிஷேகம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன் செய்தார்.

"1967இல அப்பச்சி கல்யாணத்துக்கு மைக் செட்டுல போட்ட பாட்டையெல்லாம் அசல் ரிக்கார்டுலயே போடணும் சார். செல்போன்ல இருந்து போடுறதுன்னா நானே போட்டுருவேன்."

என்னென்ன பாட்டு என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடுறேன்?"

நியாயம்தான்.

லண்டன்காரர் கேட்பது விளையாட்டு இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960ஐ ஒட்டி 78 சுற்றுத் தட்டுகளை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் மின்சாரம் எட்டாத இடங்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் ஏராளமாக இருந்தன. அதனால் கல்கத்தா டம்டம் ரிக்கார்டு ஆலையில் அதற்குப் பிறகும் பல வருஷம் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டு 78இல் வந்தது அப்படித்தான். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்காக அலைகிறார்கள். நான் ஏறி இறங்குகிற வீடுகளில் 1965இல் பீட்டில்ஸ் வாங்கியவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் அவர் பெயர் என் பட்டியலில் நிரந்தரமாக இருக்கிறது.

காலையில் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் ஒரு சுற்று போனேன். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தது இங்கேதான். பழைய ஆட்கள் இதையும் மூர் மார்க்கெட் என்றே சொல்கிறார்கள். கடைகளில் 33 சுற்று எல்.பி. தட்டுகள் கிடந்தன, 78 இல்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இருபது வயது இருந்தால் அதிகம். எல்லோரும் தேடுவது இளையராஜா, அதிலும் எக்கோ கம்பெனி லேபிள் ஒட்டிய தட்டு. பத்து வருஷத்துக்கு முன் கட்டாகக் கட்டி எடைக்குப் போட்ட தட்டுகளை இப்போது கடைக்காரர் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். எனக்கு வருத்தம் இல்லை. பையன்கள் வாங்கினால்தான் தட்டு குப்பைக்குப் போகாமல் இருக்கும். ஆனால் 78 பக்கம் அவர்கள் வருவதில்லை. புதிதாக வாங்கும் பிளேயர்கள் பலவற்றில் 33, 45 என்று இரண்டு வேகம்தான்.

மாலைப் பல்லவன் ரயிலில் காரைக்குடி. பையில் துணி குறைவு, டார்ச், அளவு எடுத்து வெட்டிய அட்டைகள், பழைய வேட்டி நான்கு.

வெள்ளி, காரைக்குடி

முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு இது. கதவு, தூண், பீங்கான், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரிந்து இடிபடும்போது சாமான்கள் முதலில் இறங்குவது இங்கேதான். ஆகவே ரிக்கார்டும் வரும்.

ஆனால் கண்ணில் முதலில் படுவது பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன். பளபளவென்று கடைக்குக் கடை இருக்கிறது. எதற்கும் நூறு வயது என்பார்கள். பெரும்பாலானவை அண்மையில் வடக்கே செய்து இறக்கியவை. பழைய பெட்டி கிராமபோனின் மோட்டாரைக் கழற்றி, புதுப் பெட்டியில் பொருத்தி, மேலே குழாயை நட்டு, ஹெச்.எம்.வி. நாய் படத்தை ஒட்டிவிடுவார்கள். வரவேற்பறையில் வைக்க ஆசைப்படுபவர்கள் தாராளமாக வாங்கலாம். அதில் ரிக்கார்டைப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். ஒலிக்கை கனத்து, முள் தட்டை உழுதுவிடும்.

ஒரு கடையில் 78 தட்டுகள் ஒரு கோணிப்பை நிறைய இருந்தன. கோணிப்பையில்! ஒரு 10 அங்குலத் தட்டு ஏறக்குறைய 200 கிராம், எல்லாம் அரக்கும் கல்தூளும். ஒன்றன்மேல் ஒன்று உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, நடுத் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஓரத்தில் நகத்தால் தட்டினேன். சந்தையில் பானை வாங்குகிறவர் செய்வதுதான். நல்ல தட்டு கணீர் என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சத்தம் கரகரக்கும். கோணியில் பாதிக்கு மேல் கரகரத்தன.

மிச்சத்தில் ஒரு பத்து தட்டு வினோதமாக மங்கி, ஒட்டும் பசையோடு இருந்தன. கடைக்காரரிடம் எப்படித் துடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சானிடைசர் சார். கொரோனா சமயத்தில வாங்கினது நிறைய மிச்சம் இருந்துச்சு."

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரத்துக்குப் பாலிஷ் போடுகிற ஆசாரி யாரைக் கேட்டாலும் சொல்வார், அரக்கை ஸ்பிரிட்டில் போட்டுக் கரைத்துத்தான் அவர் பூசுகிறார். பாட்டு எழுதியிருக்கும் பள்ளத்தையே துடைத்து எடுத்துவிட்டார் மனிதர். வினைல் தட்டு என்றால் தப்பித்திருக்கும். 78க்குத் தண்ணீரும் துளி சோப்பும் போதும், லேபிள் நனையாமல்.

கோணியின் அடியில் ஓடியன் கம்பெனித் தட்டுகள் இரண்டு. ஜெர்மனியில் அச்சானவை, 1930கள். தட்டுகள் ரொம்பச் சுமார். ஆனால் ஒன்றின் காகித உறையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ், மவுண்ட் ரோடு, மதராஸ் என்று அச்சடித்திருந்தது. ஏவி. மெய்யப்பன் சினிமா எடுக்க வருவதற்கு முன்னால் இந்த ஊரில் அவர் அப்பாவின் ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டும் விற்றார்கள். அப்புறம் அவர் கூட்டாளிகளோடு சென்னையில் ஆரம்பித்ததுதான் சரஸ்வதி ஸ்டோர்ஸ். ஓடியனுக்குத் தமிழ்ப் பாட்டு பதிந்து கொடுத்து விற்ற நிறுவனம். அந்த உறை திரும்ப அதே காரைக்குடிக்கே வந்து கிடக்கிறது. தட்டுக்கு ஒரு விலை சொன்னார், உறையைச் சும்மா கொடுத்தார். நான் உறைக்காகத்தான் தட்டை வாங்கினேன்.

கிட்டப்பா? ஒன்று கிடைத்தது. சாம்பல்.

இந்தச் சாம்பல் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். 78 தட்டில் கல்தூள் கலந்திருப்பது வேண்டுமென்றே. தட்டு ஓட ஓட, இரும்பு முள்ளின் முனை தேய்ந்து பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு வரும். ஒரு பக்கம் முடிந்ததும் முள்ளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது முள் போட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சின்னத் தகர டப்பா நிறைய முள் விற்றார்கள். நம் வீடுகளில் முள்ளைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? ஒரே முள்ளில் பத்து பாட்டு, இருபது பாட்டு. தேய்ந்த முனை உளியாகிப் பள்ளத்தைச் செதுக்கிவிடும். கருப்பாக மின்ன வேண்டிய தட்டு சாம்பல் நிறமாகும். அதுவும் எந்தப் பாட்டு? எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு. யாருக்கும் பிடிக்காத பாட்டு ஆலையிலிருந்து வந்த மினுக்கத்தோடு கிடைக்கிறது. கிட்டப்பா கிடைக்காததற்குத் தட்டு குறைவாக அச்சானது மட்டும் காரணம் இல்லை. கோயம்புத்தூர்காரருக்கு இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. "தேடுங்க, தேடுங்க" என்கிறார்.

சனி, விசேஷ வீடு

வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இப்போது உள்ளே வசிப்பது ஐயாவும் ஆச்சியும் ஒரு சமையல்காரம்மாவும் மட்டும். சதாபிஷேகத்துக்காக முகப்பில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாடி அறையில் ஓர் அலமாரி கிராமபோன், அதற்குக் கீழே இரண்டு தட்டுப் பெட்டிகள். ஐயாவின் அப்பா ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியவையாம். பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கை நடுங்கியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், டி.கே. பட்டம்மாள், சின்ன வயது எம்.எஸ்., டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. எல்லாம் உறையோடு, நிமிர்த்தி வைத்தபடி. வைத்தவர் யாரோ விஷயம் தெரிந்தவர். படுக்கப் போட்டு அடுக்கியிருந்தால் இந்த ஊர் வெயிலுக்கு எப்போதோ வளைந்திருக்கும்.

அதோடு ஒரு நாடக செட். 1930களில் மேடை நாடகங்களைச் சுருக்கி நாலைந்து தட்டுகளில் பதிந்து ஒரு செட்டாக விற்பார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான், ஆகவே ராஜா கோபப்பட ஆரம்பித்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். இது வள்ளி திருமணம். ஐந்தில் நான்காவது தட்டு இல்லை. யானை வந்து வள்ளியை மிரட்டும் கட்டம் அந்தத் தட்டில்தான் இருக்க வேண்டும். ஆச்சியைக் கேட்டேன்.

"பிள்ளைக உடைச்சிருக்கும் தம்பி. யானை வர்றதுதானே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்."

நேற்று நான் எழுதியதை ஆச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடியில் ஒரு கிட்டப்பாவும் இருந்தது. லேசான தேய்மானம், விரிசல் இல்லை. கோயம்புத்தூர்காரருக்கு இது போதும். விலை பேசலாமா என்றதற்கு ஆச்சி, "விசேஷம் முடியட்டும். வீட்டுச் சாமானை விசேஷத்துக்கு முன்னால வெளிய அனுப்பப்படாது" என்றார். சரி.

ஆனால் நான் வந்த காரியத்துக்கு இந்தப் பெட்டிகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இவை அந்த வீட்டார் நாள் கிழமைக்குக் கேட்ட தட்டுகள். 1967இல் தெருவில் கட்டிய குழாயில் அரியக்குடியா பாடியிருப்பார்? பணக்கார வீட்டில் சினிமாப் பாட்டு ரிக்கார்டு அபூர்வம். அதை வைத்திருந்தவர்கள் மைக் செட்டுக்காரர்கள்.

ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. "டி.எம்.எஸ். பாடினாரு" என்றார். அந்தக் காலத்தில் டி.எம்.எஸ். பாடாத கல்யாணம் எது? ஆச்சிக்குப் பாட்டு எதுவும் நினைவில்லை. "எனக்கு அன்னைக்குப் பாட்டு எங்க கேட்டுச்சு? கழுத்துல இருந்த பாரம்தான் ஞாபகம்" என்றார். பிறகு யோசித்து, "ராத்திரி வசன ரிக்கார்டு போட்டாக. சிவாஜி வசனம். நான் இரண்டாங்கட்டுல உக்காந்து கேட்டேன். தெருவே கேட்டுச்சு" என்றார். கதை வசன ரிக்கார்டு! படம் பார்க்கப் பத்து மைல் போக வேண்டிய ஊர்களில் ராத்திரி முழுக்க ஓடியவை அவைதான். தட்டை மாற்றும் இடைவெளியில் அடுத்த வசனத்தைக் கூட்டமே சொல்லிவிடும் என்பார்கள்.

துப்பு கொடுத்தது பாட்டு இல்லை, கணக்கு. நகரத்தார் வீட்டில் எழுதி வைக்காமல் ஒரு பைசா வெளியே போகாது. கல்யாணச் சிட்டை இருக்குமே என்று கேட்டேன். ஆச்சி சிரித்துக்கொண்டே பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். நீளவாக்கில் கட்டிய சிவப்புத் துணி நோட்டு. அரிசி, தேங்காய், வாழைத்தார், மேளம், பூ, சமையல் ஆள் கூலி. பாதி நோட்டு தாண்டி ஒரு வரி: மைக் செட், புதுக்கோட்டை. பக்கத்தில் ஆளின் பெயர், கொடுத்த தொகை, அதற்கும் கீழே "ரிக்கார்டுகாரருக்கு வேட்டி 1".

வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் நன்றாகப் போட்டிருக்கிறார்.

ஞாயிறு, புதுக்கோட்டை

சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். டீக்கடையில் விசாரித்து, பழைய எலெக்ட்ரிக் கடைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு பந்தல்காரர். அவர் வழியாக அந்தப் பெயருக்கு உரியவரின் மகள் வீடு. அப்பா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழாய்கள் பேரீச்சம்பழத்துக்குப் போயின. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை வந்த பிறகு அதை வைத்திருந்து என்ன செய்வது? அகுஜா ஆம்ப்ளிஃபையர் ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது, வால்வுகள் இல்லாமல்.

ரிக்கார்டு?

"அத்தை மகன் ஒருத்தர் கோவில்பட்டியில செட் வச்சிருந்தாரு. எல்லாத்தையும் அவர்தான் பெட்டியோட ஏத்திட்டுப் போனாரு" என்று போன் நம்பர் கொடுத்தார் அந்த அம்மா. போன் செய்தால் எடுக்கவில்லை. மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். நடுவில் லண்டன்காரரிடமிருந்து செய்தி: ஏதாவது உண்டா? இல்லை.

திங்கள், கோவில்பட்டி

மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கும்போதே போன் வந்துவிட்டது. "யாரு, நேத்து அடிச்சது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "ஸ்டேஷன்லயே நில்லுங்க தம்பி" என்று மகனை பைக்கில் அனுப்பினார். அண்ணாச்சிக்கு எழுபதை ஒட்டி இருக்கும். இப்போது மகன் டி.ஜே. லைட் வாடகைக்கு விடுகிறார். பின்கட்டில் ஓர் அறை மட்டும் அண்ணாச்சியுடையது.

ஆறு தகரப் பெட்டிகள். ஒவ்வொரு தட்டும் பழைய காலண்டர் அட்டையில் தைத்த உறையில். லேபிளில் அண்ணாச்சியின் மாமாவான அந்தப் புதுக்கோட்டை மைக் செட்டுக்காரரின் ரப்பர் ஸ்டாம்பு, மேலே சிவப்பு மையில் வரிசை எண். சேகரிப்பாளர்கள் ஸ்டாம்பு குத்திய லேபிளைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், விலையைப் பாதியாக்குவார்கள். எனக்கு நேர்மாறு. இந்தத் தட்டு எந்த ஊர்த் தெருவில் பாடியது என்பதற்கு வேறென்ன ரசீது இருக்கிறது?

அதைவிடப் பெரிய புதையல் ஒரு நோட்டு. எண், கம்பெனி எண், பாட்டின் முதல் வரி, படம், வாங்கிய தேதி. ஹெச்.எம்.வி. என்றால் 'என்' எழுத்தில் தொடங்கும், கொலம்பியா என்றால் 'ஜி.இ.' அவர் அதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார். ஆக, கல்யாணம் நடந்த 1967 ஆவணிக்கு முன்னால் அவரிடம் இருந்த தட்டுகள் எவை என்று கோடு போட்டுவிடலாம். நானும் அண்ணாச்சியும் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகளைப் பிரித்தோம். மத்தியானம் சாப்பிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தோம். அந்தத் தேதிக்கு முந்தியவை இரண்டு பெட்டி தேறின. பாதி 78, மீதி 45 சுற்று இ.பி. தட்டுகள்.

இவற்றில் எவை அந்தக் கல்யாணத்தில் ஓடின என்று நோட்டில் இல்லை. ஆனால் தட்டில் இருக்கிறது. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில தட்டுகள் இரண்டு பக்கமும் கருகருவென்று, அவர் ஏமாந்து வாங்கியவை. சிலவற்றில் ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் புதுசு. ஊர் ஊராகப் போய் மக்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன பாட்டு எது என்று அந்த ஒரு பக்கம் சொல்கிறது. சேகரிப்பாளருக்காகப் போகும்போது இந்தச் சாம்பலைப் பார்த்ததும் ஒதுக்கி வைப்பேன். இன்று அதைத்தான் பொறுக்கி எடுத்தேன். தேய்ந்ததை முதல் அடுக்கில், தேயாததைப் பெட்டியில்.

மாமா பாட்டு போடும் முறையை அண்ணாச்சி சொன்னார். சின்ன வயதில் லீவுக்குப் புதுக்கோட்டை போய் அவரோடு மாட்டுவண்டியில் செட்டை ஏற்றிப் போயிருக்கிறார். குழாயை மரத்தில் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" முடித்து, முதலில் பிள்ளையார் பாட்டு. அது கேட்டால்தான் பக்கத்து ஊரில் கல்யாணம் என்று தெரியும். அப்புறம் முருகன் பாட்டு, கே.பி. சுந்தராம்பாளோ டி.எம்.எஸ்ஸோ. முகூர்த்தம் முடியும்வரை சோகப் பாட்டு ஒன்றுகூட வரக் கூடாது. ஒருமுறை அண்ணாச்சி தெரியாமல் பி.பி. ஸ்ரீனிவாஸ் சோகம் ஒன்றைப் போட, மாமா தலையில் குட்டியிருக்கிறார். பந்தி நேரத்தில் ஜோடிப் பாட்டு. ராத்திரி வசனம்.

விடியற்காலையில் நாதஸ்வரம். மேளம் வைக்க வசதி இல்லாத கல்யாணத்துக்கு முகூர்த்த மேளமே இந்த ரிக்கார்டுதானாம். அண்ணாச்சி ஒரு தட்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காருக்குறிச்சி அருணாசலம். காருக்குறிச்சியார் இந்த ஊரில்தான் வீடு கட்டி வாழ்ந்தார், 1964இல் மறைந்தார். தட்டு வெள்ளை வெளேர் என்றே சொல்லலாம். எத்தனை தாலி கட்டியிருக்கும் இது!

வசன ரிக்கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆனால் அது எல்.பி., நோட்டில் தேதி 1970களில். ஆச்சி கேட்டது இதுவாக இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முந்திய தேதியில் வசனம் என்று நான்கு தட்டுகளுக்கு எண் இருக்கிறது, பெட்டியில் அவை இல்லை. "அதெல்லாம் ஓடி ஓடியே ஒண்ணுமில்லாமப் போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. ஆச்சியிடம் போனில் சொன்னேன். "எந்த வருசத்து ரிக்கார்டா இருந்தா என்ன தம்பி, சிவாஜி குரல் ஒண்ணுதானே?" என்றார். மகன்தான் 1967 என்று பிடிவாதமாக இருக்கிறார். அம்மாவுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை.

செவ்வாய், கோவில்பட்டி

காலையில் தட்டு கழுவும் வேலை. வாளித் தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய தூரிகை, லேபிளுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. பிறகு என் பழைய வேட்டியில் ஒற்றி, நிழலில் நிமிர்த்தி வைத்தோம். தூசி இறங்கிய பிறகு சாம்பல் தட்டிலும் கொஞ்சம் கருப்பு தெரிந்தது.

அண்ணாச்சியின் காரார்டு பிளேயரில் போட்டுப் பார்த்தோம். மோட்டார் நன்றாக ஓடுகிறது, ரப்பர் சக்கரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். பிரச்சினை முள். முள்ளைத் தாங்கும் இந்தப் பழைய கேட்ரிட்ஜில் ஒரு பக்கம் எல்.பி. முள், திருப்பிவிட்டால் 78 முள். அந்த 78 பக்கம் உடைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் சத்தம் வரும், ஆனால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கை எல்லாம் சேர்த்துப் பாடும். 78 பள்ளத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான முனை வேண்டும். அது பள்ளத்தின் சுவரில், இரும்பு முள் அவ்வளவாகத் தொடாத உயரத்தில் உட்கார்ந்தால், தேய்ந்த தட்டிலிருந்தும் குரலை எடுத்துவிடலாம். நான் பார்த்த வரையில் இதற்கு மேல் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. எத்தனையோ தட்டுகளை ஆட்கள் தப்பான முள்ளில் கேட்டுவிட்டு, "போச்சு" என்று குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

சரி, விலை. இரண்டு பெட்டியையும் மொத்தமாகக் கேட்டேன். நல்ல தொகைதான் சொன்னேன். அண்ணாச்சி தொகையைக் காதிலேயே வாங்கவில்லை.

"இது விக்கிறதுக்கு இல்ல தம்பி."

வாடகைக்கு?

"வாடகைக்கும் இல்ல. நானே வாரேன். நானே போடுதேன். மாமா போட்ட வீடு, நான் போடாம வேற யாரு போடுவா?"

மகன் வாசலில் நின்று, "அப்பா, மூட்டு வலிய வச்சிக்கிட்டு அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிங்கப்பூருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். என் கமிஷன் குறைந்துவிட்டது, ஆனால் விசேஷத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் தேடினாலும் கிடைக்காது.

கோயம்புத்தூர்காரரிடம் கிட்டப்பா விசேஷம் முடிந்த பிறகுதான் என்று சொல்லியாகிவிட்டது. "யாராவது முந்திக்கொள்வார்கள், இன்றே முன்பணம் கொடுங்கள்" என்கிறார். ஆச்சியிடம் முன்பணம் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

அண்ணாச்சி போட்ட நிபந்தனைகள்: கார் வேண்டும், பெட்டி இரண்டும் பின்சீட்டில் அவர் பக்கத்தில் வர வேண்டும், டிக்கியில் வைக்கக் கூடாது. மேடைக்குப் பக்கத்தில் இடம் வேண்டாம், முகப்புத் திண்ணை போதும். கூம்புக் குழாய் கட்ட முடியாது என்பதால் ஸ்பீக்கர் மகனுடையது, ஆனால் பாஸ் ஏற்றக் கூடாது. முதல் பாட்டு பிள்ளையார். 78க்கு முள் நான் வாங்கி வர வேண்டும், அதுவும் இரண்டு. ஒன்று உடைந்தால் நடுவில் நிற்கக் கூடாது.

சென்னையில் ஒருவரிடம் முள்ளுக்குச் சொல்லிவிட்டேன். கேட்ரிட்ஜ் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பியிருக்கிறேன். ராத்திரி ரயில்.